பிள்ளைகளின் நிழல் ஊரின் பொறுப்பு

(பெற்றோரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் உங்களுட் சிலர் நகைக்கவுங் கூடும். "வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் சொல்ல ஒரு கூட்டமா? மண்ணைப் பற்றியும் மொழியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் தொப்பியையும் தண்ணீரையும் பற்றிப் பேசுவதா?" என்று எவரேனும் கேட்டால் அக்கேள்வியை நாம் குறைகூற மாட்டோம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

வெயிலை நன்கறிந்தவன் கமக்காரன். அதை நாம் மறுக்கவில்லை. அவன் விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறான். இறைப்பையும் களைபிடுங்கலையும் பொழுது ஏறுமுன் முடித்துக்கொள்கிறான். தலையிலே துண்டைச் சுற்றுகிறான். உச்சிப் பொழுதிலே வேம்பின்கீழ் இளைப்பாறி, மோரோ கூழோ குடித்து, வெயில் தணிந்த பின்னர் மறுபடி மண்வெட்டியைத் தொடுகிறான். இவையெல்லாம் அவனுக்கு எந்தப் பள்ளியும் கற்பித்த பாடங்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்துவதற்கு ஒன்று வேண்டும். தன் நேரமும் தன் நிழலும் தன் கையில் இருக்கவேண்டும். கமக்காரனுக்கு அவை இருக்கின்றன. அவனுடைய பிள்ளைக்கு இல்லை. பிள்ளையின் பொழுதை மணி ஆள்கிறது. உடையைச் சீருடை ஒழுங்கு ஆள்கிறது. எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பனவெல்லாம் பிறருடைய கட்டளைப்படி நடக்கின்றன. தகப்பன் தோட்டத்தை விட்டு நிழலுக்கு ஒதுங்கும் அதே வேளையிலே மகனை மைதானத்தின் நடுவில் வரிசையாக நிறுத்துகிறோம். வெயிலைப் பற்றிய நம் முன்னோர் அறிவு பாடசாலையின் வாயிலில் நின்றுவிடுகிறது. ஆகையால் பிள்ளைக்கு மட்டும் பாடம் சொல்லி ஆவதொன்றுமில்லை. பிள்ளையின் நேரத்தையும் நிழலையும் கையில் வைத்திருக்கின்ற நாம் எல்லோரும் சேர்ந்து கற்கவேண்டிய பாடம் இது.

மைதானத்தின் நடுவே

ஆண்டின் முதற் தவணையிலே இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுவது நம் வழக்கம். அது பாடசாலைக்கு ஒரு திருவிழா. அதை நிறுத்தவேண்டும் என்று சொல்பவர்கள் நாம் அல்லர். ஓடியும் பாய்ந்தும் வளராத பிள்ளை எப்படிப் பலசாலியாகும்? ஆனால் அந்த விழாவின் ஒழுங்கைச் சற்று உற்றுப் பாருங்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ் சொல்லும். அணிநடைக்கான பிள்ளைகள் ஒரு மணிக்கே வரிசையில் நிற்பார்கள். பிரதம விருந்தினர் இரண்டேகாலுக்கு வருவார். மாலையிடுவார்கள், கொடியேற்றுவார்கள், ஒருவர் பின் ஒருவராக உரையாற்றுவார்கள். விருந்தினருக்குப் பந்தல் உண்டு, மின்விசிறி உண்டு, இளநீர் உண்டு. பிள்ளைகளுக்கு மணலும் வானமுமே உண்டு. ஒரு சிறுமி தலைசுற்றி விழுந்தால், "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று சொல்லி ஓரமாக இருத்திவிட்டு நிகழ்ச்சி தொடரும். இதை எந்தப் பாடசாலையின் குற்றமென்றும் நாம் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம் இது. பழகிப்போனமையாலேயே கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

வெயிலின் கணக்கையும் சிறிது பார்ப்போம். சூரியன் நம் தீவின் உச்சிக்கு நேராக வருவது ஆண்டில் இரு முறை. சித்திரையிலே தெற்கு முனையில் ஏப்ரில் 5ஆம் திகதியளவில் தொடங்கி, வடக்கே யாழ்ப்பாணத்தை அடையும்போது புதுவருடப் பிறப்பாகிவிடும். ஆவணியில் மறுபடி வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. தலைக்கு நேரே நிற்கின்ற சூரியனின் கதிர் காற்று மண்டலத்தை மிகக் குறுகிய வழியிலே கடந்து வருவதால் அதன் கடுமை குறைவதில்லை. இதைப் பிள்ளைக்கு விளங்கவைக்கக் கருவி எதுவும் தேவையில்லை. அவனுடைய நிழலே போதும். நிழல் தன் உயரத்திலும் நீளமாயிருந்தால் வெயில் தாழ்ந்தது. நிழல் தன்னிலும் குட்டையானால் வெயில் உயர்ந்தது. ஒதுங்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலே சித்திரை மாதத்தில் காலை ஒன்பது மணியளவில் நிழல் ஆளிலும் குட்டையாகிறது. பிற்பகல் மூன்று மணி கடந்த பின்னரே மறுபடி நீள்கிறது. தை மாதத்திற்கூடக் காலை பத்து மணிக்கு அந்த எல்லை வந்துவிடும். பாடசாலை விடுவதோ ஒன்றரை மணிக்கு. ஆறு வயதுப் பிள்ளை புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வெறுந்தலையோடு தார் வீதியில் வீடு திரும்புவது நிழல் குறுகிய அந்த வேளையிலேதான்.

பெரிய பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் உண்டதும் உண்ணாததுமாகத் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே தகரக் கொட்டிலின்கீழ் நூறு பேரும் இருநூறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெயில் நேரே படாவிட்டாலும் சூடு படுகிறது. சூரியனிடமிருந்து பிள்ளையைக் காப்பது என்று நாம் பேசும்போது அந்தத் தகரக் கூரையையும் மறந்துவிடலாகாது.

உடம்பு செய்யும் வேலை

மனித உடல் வியர்வையாலே தன்னைக் குளிர்விக்கிறது. வியர்வை உலரும்போது உடற்சூட்டை எடுத்துச்செல்கிறது. ஆனால் காற்றிலே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலராது. உடம்பிலே வழிந்து நிலத்தில் விழும். சூடு உள்ளேயே தங்கிவிடும். கடல் சூழ்ந்த நம் நாட்டில் வெப்பமானி 33 பாகை காட்டும்போது உடம்பு அதற்கும் மேலே உணர்வது இக்காரணத்தாலேயே. நமது வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து, மாவட்டவாரியாக வெப்ப எச்சரிக்கை வெளியிடுவதும் இதனை முன்னிட்டே. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியிலே, கடும் வெப்பங் காரணமாக, மாணவரை வெளியிடச் செயற்பாடுகளில் ஈடுபடுத்துவது குறித்துக் கல்வி அமைச்சும் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்ப நேர்ந்தது. கொழும்பிலிருந்து கடிதம் வருவது நல்லதே. ஆனால் கடிதம் நிழல் தராது.

பிள்ளைகள் விளையாட்டின் ஆர்வத்திலே தாகத்தை மறந்துவிடுகிறார்கள். அதைவிட வருந்தத்தக்க இன்னொரு காரணமும் உண்டு. மலசலகூடம் சுத்தமாயில்லாத பாடசாலையிலே பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். தாய்மாருக்கு இது தெரியும், ஆசிரியைகளுக்கும் தெரியும், கூட்டங்களிலே எவரும் பேசுவதில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டுக் கதவில்லாத மலசலகூடத்தை அப்படியே விட்டுவைத்தால், அந்த வாசகத்தை எந்தச் சிறுமி மதிப்பாள்? நீரைப் பற்றிய நம்பிக்கையும் வேண்டும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்துவிட்டதென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை நாம் மறந்துவிடவில்லை. பாடசாலைக் கிணற்று நீரைப் பரிசோதித்து, அதன் முடிவை எல்லோரும் காணும்படி ஒட்டிவைப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் துணையோடு எளிதிற் செய்யக்கூடிய காரியம்.

வெப்பத்தால் வரும் கேட்டுக்குப் படிகள் உண்டு. முதலில் தசைப் பிடிப்பு, தலையிடி, களைப்பு. பின்னர் தலைசுற்று, வாந்தி. பிள்ளை நிலை தடுமாறிப் பேசினால், கூப்பிட்டதற்கு விடை சொல்லாவிட்டால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், அது வெப்ப அதிர்ச்சி. அந்நிலையில் உடற்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் அபாயம் அபாயமே. அந்த வேளையிலே நம்மவர் செய்வது யாது? எட்டுப் பேர் சூழ்ந்து நின்று காற்றை மறைப்பார்கள். ஒருவர் சோடாப் போத்தலை வாயிலே சரிப்பார். இன்னொருவர் முச்சக்கர வண்டியைத் தேடி ஓடுவார். மருத்துவ அறிவு சொல்வது வேறு. முதலில் குளிர்வி, பின்னர் கொண்டுசெல். 1990 என்ற இலக்கத்துக்கு ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே, மற்றவர்கள் பிள்ளையை நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றி, ஓலை விசிறியாலோ துணியாலோ விசிறவேண்டும். அறிவு தெளியாத பிள்ளையின் வாயிலே ஒரு சொட்டு நீரும் ஊற்றக்கூடாது. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிய நம் ஊரிலே, வெப்பத்தால் விழுந்த ஒரு பிள்ளை குளிர்நீர் கிடைக்காமல் வாடுவதானால் அது நீர்ப் பஞ்சத்தால் அன்று.

தென்கண்டத்தின் அனுபவம்

நம்மவர் பலர் இன்று அவுஸ்திரேலியாவிலே குடியிருக்கின்றனர். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அகன்ற விளிம்புத் தொப்பியை மறவாமல் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குவதைக் கண்டு, "இதென்ன புதுமை?" என்று பாட்டன்மார் வியப்பதுண்டு. அந்தப் புதுமைக்குப் பின்னே ஒரு நாட்டின் நீண்ட முயற்சி இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

வெண்தோல் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய அந்த நாட்டிலே தோற் புற்றுநோய் ஒரு பெருங்கொடுமை. எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோற் புற்று ஏற்படுவதாக அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். விக்ரோரியா மாநிலத்தின் புற்றுநோய் எதிர்ப்புச் சபை 1981ஆம் ஆண்டிலே ஒரு கடற்பறவையைப் பாத்திரமாக்கித் தொலைக்காட்சியிலே பாட வைத்தது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்ற மூன்று கட்டளைகளே பாட்டின் சாரம். பிள்ளைகள் அதைத் தெருவெங்கும் பாடித் திரிந்தார்கள்.

பாட்டோடு நின்றிருந்தால் அது ஒரு விளம்பரமாகவே மறைந்திருக்கும். 1987ஆம் ஆண்டிலே அந்த மாநிலச் சட்டசபை புகையிலைச் சட்டமொன்றை இயற்றி, புகையிலை வரிப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சுகாதார மேம்பாட்டு நிறுவனமொன்றை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டிலே அந்தப் பணத்தின் துணையோடு முயற்சி விரிந்த திட்டமாயிற்று. பின்னர் பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் தாமே முன்வந்து அதிற் சேர்ந்தன. சேரும் பாடசாலை எழுத்திலே ஒழுங்கொன்றை வகுத்துக்கொள்ளவேண்டும்: தொப்பி எப்படிப்பட்டது, நிழல் எங்கே, வெளி விளையாட்டு எந்நேரம் என்றெல்லாம். தொப்பியில்லாத பிள்ளை நிழலிலேதான் விளையாடலாம் என்ற விதி அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. காதையும் பிடரியையும் மறைக்காத முன்விளிம்புத் தொப்பி ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. நமக்கு மிகப் பிடித்த விதி, ஆசிரியரும் தொப்பி அணிந்தே மைதானத்துக்கு வரவேண்டும் என்பது. பாடசாலைகள் நிழற்கூரை அமைக்க மாநில அரசு மானியமும் வழங்கியது. அந்த முயற்சியோடு வளர்ந்த தலைமுறையிலே, இளவயதினரிடையே கொடிய வகைத் தோற் புற்று குறைந்து வந்திருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியதும் உண்டு, விட்டுவிடவேண்டியதும் உண்டு. எடுத்துக்கொள்ளவேண்டியது அவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட முறை. அரசு பணம் தந்தது. மருத்துவர் அறிவு தந்தனர். பாடசாலை விதி செய்தது. பெற்றோர் தொப்பி வாங்கினர். பிள்ளை பாடிக்கொண்டே பழகிக்கொண்டது.

விட்டுவிடவேண்டியது அவர்களுடைய நோயை நம்முடையதாக எண்ணிக்கொள்வது. நம் தோலின் கருமை நமக்கு இயற்கை தந்த குடை. தோற் புற்று நம்மிடையே அரிது. ஆகவே விலை கூடிய களிம்புகளை வாங்கும்படி ஏழைத் தாயை வற்புறுத்துவது அநியாயம். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குக் களிம்பும் நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் உயிர்காப்பன. ஊரிலே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வகுப்பிலே சன்னலோரத்தில் இருத்தாமையும், பரிகசிக்க விடாமையும் ஆசிரியரின் கடமை.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். "வெயிலிலே நிற்காதே பிள்ளை, கறுத்துப்போவாய்!" என்று மகளை அழைக்கும் குரல் நம் வளவுகளிலே நாளும் கேட்கிறது. மகனைப் பார்த்து அப்படி எவரும் சொல்வதில்லை. வெயிலிலிருந்து காக்கும் பாடம் நம்மிடையே நிறத்தின் பாடமாக, கலியாணச் சந்தையின் பாடமாகத் திரிந்துவிட்டது. அந்தப் பயத்தை வைத்தே வெண்மைக் களிம்பு விற்பவர்கள் வயிறு வளர்க்கிறார்கள். பெண்பிள்ளையை வெயிலிலிருந்து அழைப்பது அவளுடைய உயிருக்காகவும் உடலுக்காகவும் இருக்கட்டும். காலை வெயிலிலே அவள் ஓடி விளையாடுவதைத் தடுக்கவேண்டாம். எலும்புக்கு உரந்தரும் விற்றமின் டீ வெயிலாலேயே தோலில் உண்டாகிறது; கருந்தோலுக்கு அது சற்றுக் கூடுதலாகவே தேவை.

கண்ணுக்கு இந்தக் கருங்குடை போதிய காப்பு அன்று. ஆண்டாண்டாகக் கடுங்கதிர் பட்டு வருதல் பிற்காலத்திலே கண்ணில் வெண்புரை படர்வதற்கு ஒரு காரணமென மருத்துவர் கூறுவர். கடற்றொழிலாளர் பிள்ளைகளுக்கு நீரிலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்ந்துகொள்கிறது. அகன்ற விளிம்புத் தொப்பி கண்ணுக்கும் நிழல் தரும்.

ஊர் ஒருமித்துப் பேசிய நாட்கள்

பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றி ஊர் முழுவதும் ஒரே குரலிற் கற்பித்த நிகழ்ச்சி நம்மிடையே நடக்காத ஒன்றன்று. 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதியும், 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதியும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை நம் வடபுலத்தைக் கடந்து சென்றது. வெறுங்கண்ணால் பார்க்கவேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார்; பத்திரிகை சொல்லிற்று; வானொலி சொல்லிற்று; பாட்டியும் தன் முறையிலே சொன்னாள். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த பின்னரே பார்வை மங்கியது தெரியும் என்பதைச் சிறு பிள்ளையும் விளங்கிக்கொண்டது. தகுந்த கண்ணாடி வழியே பார்க்கப் பழகியது. இரண்டு நாட்களுக்கு நாம் செய்த இதனை, ஆண்டுதோறும் மாசி முதல் வைகாசி வரை வரும் வெயிற் காலத்துக்கு ஏன் செய்ய இயலாது?

அயல்நாட்டிலும் நமக்குப் பாடம் உண்டு. குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரிலே 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் வீசிய வெப்ப அலையால் வழமையிலும் 1,300க்கு மேற்பட்டோர் அதிகமாக இறந்தனர். அந்த நகரசபை அழுது ஓயவில்லை. மருத்துவக் கல்வியாளர்களையும் வானிலை அறிஞரையும் சேர்த்துக்கொண்டு 2013ஆம் ஆண்டிலே வெப்பச் செயற்றிட்டம் ஒன்றை வகுத்தது. தென்னாசியாவில் அதுவே முதலாவது. எச்சரிக்கைக்கு நிறங்கள் வகுத்தார்கள். மருத்துவமனை ஊழியரைப் பயிற்றினார்கள். பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணம் பூசினார்கள். வெண்கூரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே சூடு தணிகிறது. நாம் மேலே சொன்ன தகரக் கொட்டில்களுக்கு இதிலும் மலிவான மருந்து ஏது? கேரளத்திலே 2019ஆம் ஆண்டில் பாடசாலைகளில் "தண்ணீர் மணி" ஏற்படுத்தினார்கள். பாடம் மாறுவதற்கு மணி அடிப்பதுபோலத் தண்ணீர் குடிப்பதற்கும் மணி. எல்லோரும் ஒருசேரக் குடிக்கவேண்டும். அதற்குச் செலவு யாதுமில்லை.

கமக்காரருக்கு இதிலே நேரான அக்கறை ஒன்று உண்டு. வட மத்திய மாகாணத்திலே 1990ஆம் ஆண்டுகளிலிருந்து உழவரை வாட்டிவரும் சிறுநீரக நோயை நீங்கள் அறிவீர்கள். வவுனியாப் பக்கத்திலும் அது தலைகாட்டியிருக்கிறது. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமிநாசினி என்று பல காரணங்களை ஆராய்ந்தும் முடிவான காரணம் இதுவென்று அறிஞர் ஒருமித்துச் சொல்லவில்லை. கடும் வெயிலிலே நீரின்றி உழைப்பதும் சந்தேகிக்கப்படும் காரணங்களுள் ஒன்று. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலே இதையொத்த நோய் வாலிபரைக் கொள்ளைகொண்டது. நிக்கராகுவாவிலே வெட்டுந் தொழிலாளருக்கு நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்புக் குறையக் கண்டார்கள். பாடசாலை விடுமுறையிலே வெங்காயம் நடவும் மிளகாய் பறிக்கவும் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் நாம் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

யார் எதைச் செய்வது?

நம் முன்னோர் வழிப்போக்கனின் நிழலையும் நீரையும் ஊரின் கடமையாகக் கொண்டிருந்தனர். வீதியோரத்திலே மடம் கட்டினார்கள். சுமைதாங்கி நாட்டினார்கள். ஆடுமாடு நீர் குடிக்கத் தொட்டியும் உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் வைத்தார்கள். பருத்தித்துறையிலே வீதியையே கூரையால் மூடி அமைத்த தெருமூடி மடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தல் இன்றும் உண்டு. அரசாங்கச் சுற்றுநிருபம் எதுவும் இவற்றைக் கேட்கவில்லை. அந்த வழக்கத்தைப் பாடசாலைப் பிள்ளையின் வழியிலே திருப்பிவிடுவதே நாம் கேட்பது. கோயிலிலிருந்து பாடசாலை வரை, பாடசாலையிலிருந்து சந்தி வரை, மாசி தொடக்கம் வைகாசி வரை, ஒன்றரை மணிக்கு ஒரு மண்குடமும் ஒரு கிடுகுக் கொட்டகையும் இருந்தால் அது எவருடைய கௌரவத்தையும் குறைக்காது. சனசமூக நிலையத்து இளைஞர்கள் இதை ஏற்றுக்கொள்ளலாம். அங்கே வானிலை எச்சரிக்கையைக் கரும்பலகையில் எழுதியும் வைக்கலாம்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் கடல் கடந்தும் தாய்ப் பள்ளியை மறவாதவர்கள், அள்ளித் தருகிறீர்கள். ஆனால் வந்த பணத்திலே எத்தனை அலங்கார நுழைவாயில்கள் எழும்பியிருக்கின்றன! வளைவு அழகுதான்; அதன் நிழலிலே நான்கு பிள்ளைகள்கூட நிற்க முடியாது. அடுத்த நன்கொடையை மைதானத்தின் மேற்கு ஓரத்து நிழற்கூரைக்கும், தாழ்ப்பாள் உள்ள மலசலகூடத்துக்கும், வகுப்பறைக் கூரையின் வெள்ளைச் சுண்ணத்துக்கும் என்று குறித்து அனுப்புங்கள்.

அதிபர்களுக்குச் சொல்லவேண்டியது நேரத்தைப் பற்றியது. மெய்வல்லுநர் போட்டியை விடிகாலையிலே தொடங்கி நிழல் குறுகுமுன் ஓட்டங்களை முடித்துக்கொள்ளலாம்; அல்லது மூன்றரை மணிக்குத் தொடங்கலாம். விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரே பிள்ளைகளை வரிசைக்கு அழைக்கவேண்டும். விருந்தினர் பிந்தினால் அவரில்லாமலே தொடங்கும் துணிவு ஓர் அதிபருக்காவது வந்துவிட்டால் மற்றவர்களுக்கும் வந்துவிடும். கடும் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவதும் படிப்படியாக ஒன்றிரண்டு வாரம் நடக்கவேண்டும். போட்டிக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் திடீரென ஓடவைத்தல் ஆகாது. கழுத்துப்பட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலிருந்து வந்த அந்தப் பட்டியைச் சித்திரை வெயிலிலே நம் பிள்ளையின் தொண்டையில் இறுக்கிக் கட்டுவதிலே என்ன ஒழுக்கம் இருக்கிறது? வெயிற் காலத்திலே அதைக் கழற்றிவைத்துவிட்டுச் சீருடையிலே தொப்பியைச் சேர்த்துக்கொள்வோம்.

தொப்பிக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டாம். பனை நம்முடையது. 1978ஆம் ஆண்டிலிருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. ஓலைப் பின்னல் கற்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தால் ஒரு பாடசாலைக்கு வேண்டிய ஓலைத் தொப்பிகளைச் சில வாரங்களிலே பின்னிவிடலாம். பணம் ஊரிலேயே தங்கும். ஓலையிலே காற்று உட்புகும். நெகிழித் தொப்பியிலே புகாது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: முதலில் அதிபரும் ஆசிரியரும் அணியவேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளையின் அடையாளமாக அது மாறிவிட்டால் ஒரு பிள்ளையும் தொடாது.

வகுப்பறையிலே கற்பிக்கவேண்டியது சிறிதளவே. நிழலை அளக்கும் பாடத்தைக் கணிதத்தோடு சேர்க்கலாம்: காலையிலிருந்து மணிக்கொரு தடவை ஒரு தடியின் நிழலை அளந்து வரைபடம் வரையட்டும். சிறுநீரின் நிறம் கடும் மஞ்சளானால் உடலிலே நீர் போதாது என்பதை வெட்கமின்றிச் சொல்லிக்கொடுக்கவேண்டும். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரை ஒருவர் கவனிக்கப் பழக்கலாம். தோழனுடைய முகம் வாடுவதைப் பிள்ளை ஆசிரியரிலும் விரைவாகக் கண்டுகொள்ளும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலிருந்து ஒருவர் தவணைக்கு ஒரு தடவை வந்து, கிணற்றடியிலேயே முதலுதவியைச் செய்துகாட்டட்டும். பெற்றோரும் அன்று வரவேண்டும்.

கடைசியாக மரம். போரின் ஆண்டுகளிலே பனையும் வேம்பும் எத்தனை ஆயிரம் அழிந்தன என்பதை இங்கிருப்போர் கண்ணாற் கண்டவர்கள். அதன்பின்னர் மரநடுகை விழாக்கள் பல நடந்துவிட்டன. நாட்டப்பட்ட குழியிலேயே மறு ஆண்டும் கன்று நாட்டுவதைப் பார்க்கிறோம். நாட்டும்போது படம் எடுப்பவர் உண்டு, தவணை விடுமுறையிலே நீர் ஊற்றுபவர் இல்லை. பூவரசங் கதியால் விரைவாகத் தழைக்கும். மாரியிலே மைதான ஓரத்தில் ஊன்றிவிடலாம். வேம்பும் இலுப்பையும் மருதும் பின்னாலே வளரட்டும். அவை நிழல் தருமட்டும் கிடுகுப் பந்தல் போதும். கமக்காரப் பெரியோர்களே, நீர் இறைக்கும் இயந்திரமும் குழாயும் உங்களிடம் உண்டு; கன்றை மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் காக்கும் வேலியடைப்பும் உங்களுக்குக் கைவந்த கலை. மேசையிலே ஒரு பதிவேடு திறந்திருக்கிறது. சித்திரை விடுமுறையின் ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கூட்டம் கலையுமுன் எந்த வாரம் எவருடைய இயந்திரம் வருமென்பதைப் பெயரோடு எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.